உடைந்த மதிலும் ஒரு வாசகமும்

படைச்சின்னங்கள் பெரும்பாலும் பண்பை உணர்த்துவன. புலியும் பருந்தும் மறத்தைக் குறிக்குமேயன்றி, இன்ன நாளில் இன்ன போர் நிகழ்ந்தது என்று கூறா. பிரிட்டிஷ் வான்படையின் 617ஆம் படைப்பிரிவின் இலச்சினை இப்பொதுநெறிக்குப் புறம்பாய் நிற்றலின் ஈண்டு ஆராயப்படுகின்றது.

1943 மார்ச்சில் அமைந்த இப்பிரிவு, அவ்வாண்டு மே 16ஆம் நாள் இரவு புறப்பட்டு, ஜெர்மனியின் மோனே, எடர் என்னும் ஈரணைகளை உடைத்தது. சென்ற விமானங்கள் 19, மீளாதவை 8. அவ்வோர் இரவே இலச்சினையின் பொருளாயிற்று. வட்டத்தின் குறுக்கே ஒரு மதில். அதனை மூன்று மின்னல்கள் பிளக்கின்றன. பிளவினின்று நீர் பாய்கின்றது.

மூன்று என்னும் எண், குறிவைத்த மூன்று பேரணைகளைச் சுட்டுவதாயின் பொருந்தாது. சோர்பே மண்ணணை உடையாது நின்றது. மின்னல் வான்தாக்குதலின் அறிகுறி என்பாரும் உளர். அதுவும் நமக்கு முழு உடன்பாடன்று. பார்ன்ஸ் வாலிஸ் அமைத்த குண்டு மேலிருந்து மதிலைப் பிளக்கவில்லை. நீர்மேல் தத்திச் சென்று, மதிலை முட்டி, நீருள் அமிழ்ந்து வெடித்தது. தேங்கிய நீரே அவ்வெடிப்பின் வலியை மதில்மேல் செலுத்தியது. குண்டின் அமைப்போ போருக்குப் பின்னரும் நெடுநாள் மறைபொருளாகவே காக்கப்பட்டது. ஆதலின் இம்மின்னல் உண்மையை உணர்த்துவதினும் மறைப்பதற்கே மிகவும் பயன்பட்டது எனலாம்.

இனி, இலச்சினையின் வாசகம். 'எனக்குப் பின் பெருவெள்ளம்' என்பது அப்பிரெஞ்சுத் தொடரின் பொருள். பதினைந்தாம் லூயி மன்னனின் காதற்கிழத்தி பாம்படூர் சீமாட்டி கூற்றாக வழங்கும் மூலத்தில் 'எங்களுக்குப் பின்' என்றே உள்ளது. ஆங்குப் 'பின்' என்பது காலத்தை மட்டும் குறிக்கும்: யாம் மறைந்தபின் எது நேரினும் கவலையில்லை என்பது கருத்து. இலச்சினையிலோ அச்சொல் காரணத்தையும் ஏற்கின்றது: யான் வந்து சென்றமையால் வெள்ளம் என்றாகின்றது. பன்மை ஒருமையானமையின் பெருமிதமும் ஏறிற்று. சொற்சுருக்கத்தில் இதனை விஞ்சும் படைவாசகம் அரிது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பழைய பொருள் முற்றும் நீங்கவில்லை; கவலையின்மை என்னும் சாயல் உடன் வந்துவிட்டது. அவ்வெள்ளத்தில் இறந்தோர் 1,300க்குக் குறையார் என்பர். அவருள் மிகப் பலர் ஜெர்மானியர் அல்லர். கட்டாய உழைப்பிற்காகக் கொணரப்பட்ட பிறநாட்டார். மோனே அணைக்குக் கீழுள்ள நெஹைம் ஊரின் முகாமில் உக்ரைன் நாட்டுப் பெண்கள் பலர் மடிந்தனர். இலச்சினை வகுத்தோர் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்று நாம் கூறவில்லை. இன்று அதனைக் காண்போர் அறியாதிருத்தல் இயலாது. நீர் பாய்ந்திறங்கும் திசையில், ஊரும் முகாமும் இருந்த பள்ளத்தாக்கிற்குரிய இடத்தில், வாசகம் பொறித்த நாடாவே காணப்படுகின்றது.