அஞ்சல் எண் செல்வத்தை அளக்குமா?

அமெரிக்க நாளிதழ்களிலும் வணிக இதழ்களிலும் அடிக்கடி இடம்பெறும் பட்டியல் ஒன்று உண்டு. 'நம் வட்டாரத்தின் செல்வச் செழிப்புமிக்க பத்து ஊர்கள்' என்பது போன்ற தலைப்பில் அது வெளிவரும். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து இலக்க எண் ஒன்றும், அதையடுத்து ஒரு டாலர் தொகையும் காணப்படும். அந்த ஐந்து இலக்க எண்தான் அந்நாட்டின் அஞ்சல் குறியீட்டு எண். அதனை 'ஜிப் எண்' என்பார்கள். நம் நாட்டில் 1972இல் வந்த ஆறு இலக்கப் பின்கோடு செய்யும் வேலையைத்தான் அங்கே அது செய்கிறது.

எண்களும் வரிசையும் இருப்பதால் இப்பட்டியல் ஓர் அறிவியல் முடிவைப் போலத் தோற்றமளிக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீட்டை ஏற்குமுன் நாம் சில கேள்விகளைக் கேட்போம் அல்லவா? கருவி எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது? அது உண்மையில் அளப்பது எதனை? அளவீட்டில் பிழை எவ்வளவு? அதே கேள்விகளை இப்பட்டியலிடமும் கேட்டுப் பார்ப்போம்.

கடிதங்களுக்காகப் பிறந்த எண்

ஜிப் எண் 1963ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மலைபோல் குவிந்த கடிதங்களை விரைவாகப் பிரித்து அனுப்புவதே அதன் நோக்கம். முதல் இலக்கம் நாட்டின் பெரும்பகுதி ஒன்றைக் குறிக்கும். முதல் மூன்று இலக்கங்களும் சேர்ந்து, கடிதங்களைப் பிரிக்கும் மையத்தைக் குறிக்கும். ஆகவே ஜிப் எண் என்பது தபால்காரர் செல்லும் வழிகளின் தொகுப்பே தவிர, வரைபடத்தில் எல்லை கட்டிய நிலப்பரப்பு அன்று. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு மட்டும் 10118 என்ற தனி எண் இருக்கிறது. அஞ்சல் பெட்டிகளுக்கு மட்டுமே உரிய எண்களும் உண்டு. அங்கே குடியிருப்போர் எவரும் இல்லை!

இந்த எண்களைக் கொண்டு மக்கள்தொகை விவரம் கேட்போர் பெருகியதால், அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஓர் ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு சிறு தெருத்தொகுதியிலும் எந்த ஜிப் எண் மிகுதியாக இருக்கிறதோ அதனை அத்தொகுதிக்கு உரியதாக்கி, அவற்றை இணைத்துப் பரப்புகளை வரைந்தது. செல்வர் பட்டியல்கள் பலவற்றுக்கும் அடிப்படை, உண்மையான ஜிப் எண் அன்று. அதைப் போல வரையப்பட்ட இந்தப் பரப்புகளே.

புகழ்பெற்ற 90210ஐ எடுத்துக்கொள்வோம். இவ்வெண்ணைக் கேட்டதும் அமெரிக்கர்களுக்குச் செல்வர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸ் நகரம் நினைவுக்கு வரும். ஆனால் இவ்வெண் அந்நகர எல்லையைத் தாண்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மலைப்பகுதியிலும் பரவியுள்ளது. மறுபுறம், பெவர்லி ஹில்ஸின் வேறு பகுதிகளுக்கு 90211, 90212 என்னும் எண்கள் உள்ளன. ஆக, 90210இன் வருமானம் என்று ஒரு தொகையைச் சொன்னால், அது எந்த ஊரின் வருமானம்?

கோட்டை நகர்த்தினால்...

ஒரு தெருவில் வரிசையாக ஆறு குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றின் ஆண்டு வருமானம் ஆயிரம் டாலர் கணக்கில் முறையே 30, 40, 200, 220, 50, 60. இரண்டிரண்டு வீடுகளாகப் பிரித்தால் சராசரி 35, 210, 55 என வருகிறது. நடுவில் ஒரு பெருஞ்செல்வர் குடியிருப்பு தென்படுகிறது. இனி மும்மூன்று வீடுகளாகப் பிரித்துப் பாருங்கள். சராசரி 90, 110 என்றாகிவிடுகிறது. செல்வர் குடியிருப்பு எங்கே போயிற்று? எவருடைய வருமானமும் ஒரு டாலர்கூட மாறவில்லை. நாம் போட்ட கோடுதான் மாறியது.

இது வெறும் கணக்கு விளையாட்டு அன்று. கெல்க், பீல் என்னும் இருவர் கிளீவ்லாந்து நகரின் கணக்கெடுப்பு விவரங்களை வெவ்வேறு விதமாகத் தொகுத்து, தொகுக்கும் முறையைப் பொறுத்துப் புள்ளியியல் முடிவு மாறுவதை 1934இலேயே காட்டினர். பிரிட்டனின் புவியியலாளர் ஸ்டான் ஓப்பன்ஷா 1984இல் இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்து எழுதினார். கோடு எங்கே விழ வேண்டும் என்பதற்கு இயற்கையில் ஒரு விதி இல்லாதபோது, கோட்டைப் பொறுத்த முடிவை மக்களின் இயல்பு என்று சொல்லுவது பொருந்தாது.

அளப்பது எதனை?

செல்வம் வேறு, வருமானம் வேறு. தொட்டியில் உள்ள நீர் செல்வம். குழாயில் வரும் நீர் வருமானம். இப்பட்டியல்கள் பெரும்பாலும் குழாயை அளந்துவிட்டுத் தொட்டியைப் பற்றிப் பேசுகின்றன. கணக்கெடுப்புத் துறையின் வருமானக் கணக்கில், பங்குகளையும் சொத்துகளையும் விற்றுப் பெறும் இலாபம் சேர்வதில்லை. வருமான வரித்துறையின் கணக்கிலோ அது சேர்கிறது. பெருஞ்செல்வர்களுக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது.

சராசரியா, இடைநிலையா என்பதும் முக்கியம். ஐந்து குடும்பங்களின் வருமானம் 50, 60, 70, 80, 2000 ஆயிரம் டாலர் என்று கொண்டால், இடைநிலை 70, சராசரியோ 452! புளோரிடா மாநிலத்தின் ஃபிஷர் தீவுக்கு 33109 என்ற எண். அங்கு வாழ்வோர் சில நூறு பேரே. வரிக் கணக்குகளைக் கொண்டு ப்ளூம்பெர்க் நிறுவனம் 2018இல் வெளியிட்ட பட்டியலில், சுமார் 25 லட்சம் டாலர் சராசரி வருமானத்துடன் இத்தீவு முதலிடம் பெற்றது. வீட்டு விலையை அளவாகக் கொண்ட பட்டியல்களிலோ கலிபோர்னியாவின் ஆதர்ட்டன், 94027, பலமுறை முதலிடத்தில் நின்றது. அளவுகோல் மாறினால் முதலிடமும் மாறுகிறது.

பிழை எவ்வளவு?

கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகளைத் தேர்ந்தெடுத்து வினவுகிறது. சிறிய பரப்புகளுக்கு ஐந்து ஆண்டு விவரங்களைச் சேர்த்தே மதிப்பிடுகிறது. ஒவ்வொரு மதிப்புடனும் பிழை வரம்பையும் அச்சிடுகிறது. செய்தித்தாளுக்கு வரும்போது மதிப்பு மட்டும் வருகிறது. பிழை வரம்பு வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. ஓர் ஊரின் மதிப்பு 1,80,000 டாலர், பிழை வரம்பு 20,000. மற்றோர் ஊரின் மதிப்பு 1,70,000, பிழை வரம்பு 25,000 என்றால், முன்னது முதலிடம், பின்னது இரண்டாமிடம் என்று எந்த மாணவராவது எழுதத் துணிவாரா?

சிறிய ஊர்களில் இத்தொல்லை இன்னும் அதிகம். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் எட்டு முறை தலை விழக்கூடும். ஆயிரம் முறை சுண்டி எண்ணூறு தலை காண்பது நடவாத காரியம். அதுபோலவே மக்கள் குறைந்த ஊர்கள் தற்செயலாகவே பட்டியலின் உச்சிக்கும் அடிக்கும் தள்ளப்படுகின்றன.

மேலும் ஒரு வேடிக்கை. இடைநிலை வருமானம் 2,50,000 டாலரைத் தாண்டினால், கணக்கெடுப்புத் துறை '2,50,000க்கு மேல்' என்று மட்டுமே குறிப்பிடும். ஆதர்ட்டனுக்கு அவ்வாறே குறிக்கப்படுகிறது. மருத்துவ வெப்பமானியை வைத்துக்கொண்டு இரண்டு உலைகளில் எது அதிகச் சூடு என்று கேட்பது போன்றது இது. எந்த உச்சியை வரிசைப்படுத்தப் பட்டியல் புறப்பட்டதோ, அந்த உச்சியில்தான் கருவி வேலை செய்வதில்லை!

பிளின்ட் நகரக் குழந்தைகள்

பொழுதுபோக்காகப் படிக்கும் பட்டியலில் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். ஆனால் அஞ்சல் எண்ணை ஊராகவே கருதும் பழக்கம் பட்டியலோடு நிற்பதில்லை.

மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரம் பிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் பொருள் அந்நீரில் சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் நீரில் கரைந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியதா என்று மாநில அதிகாரிகள் ஜிப் எண் வாரியாக ஆராய்ந்தபோது, கவலைப்படும்படியான உயர்வு தென்படவில்லை. காரணம் யாது? பிளின்ட் ஜிப் எண் கொண்ட வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நகர எல்லைக்கு வெளியே இருந்தன. அவற்றுக்கு அந்த ஆற்றுநீர் செல்லவே இல்லை. அங்கிருந்த குழந்தைகளின் அளவுகளும் கலந்ததால், நகரக் குழந்தைகளின் துன்பம் சராசரியில் கரைந்துபோயிற்று.

குழந்தைநல மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷாவும் புவியியலாளர் ரிக் சாட்லரும் வேறு வழியில் ஆராய்ந்தனர். ஒவ்வொரு குழந்தையின் முகவரியையும் வரைபடத்தில் குறித்து, நகரக் குடிநீர் பெறும் வீடுகளைத் தனியே பிரித்தனர். ஈய அளவு மிகுந்த குழந்தைகளின் விழுக்காடு 2.4இலிருந்து 4.9ஆக உயர்ந்திருந்தது. 2015 செப்டம்பரில் இது வெளிப்பட்டது. அக்டோபரில் பழைய நீராதாரம் திரும்பக் கொண்டுவரப்பட்டது.  இம்முறை கோடு சரியான இடத்தில் விழுந்தது.

ஜிப் எண் பயனற்றது என்று நாம் கூறவில்லை. கடிதங்களைப் பிரிப்பதில் அது தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. ஒரு வட்டாரத்தைப் பற்றி மேலோட்டமாக அறியவும் உதவலாம். ஆனால் மக்களின் வாழ்நிலையை அறிய, சராசரியாக 4,000 பேர் வாழும்படி அதற்கென்றே வகுக்கப்பட்ட கணக்கெடுப்பு வட்டங்கள் அந்நாட்டில் உள்ளன. அவற்றைக் கொண்டு, பிழை வரம்பையும் அச்சிட்டு, ஊர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரிக்காமல் தொகுதிகளாகக் காட்டினால் உண்மைக்கு நெருங்கியிருக்கும். பட்டியலின் கவர்ச்சி குறையலாம். அதனால் பத்திரிகைக்கு நட்டமே தவிர, படிப்பவருக்கு இல்லை.

இத்தகைய பட்டியல் உங்கள் கையில் கிடைத்தால், முதலிடம் யாருக்கு என்று பார்க்குமுன், எல்லைக்கோட்டை வரைந்தவர் யார், எதற்காக வரைந்தார் என்று தேடிப் பாருங்கள்.