கொடுத்த படம் திரும்பி வருமா? நான்கு புகைப்படச் சேமிப்புச் சேவைகள், ஒரு குடும்பத்தின் சோதனை

2025 செப்டம்பர் 22 ராத்திரி கொல்கத்தாவில் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. 24 மணி நேரத்தில் 251.4 மில்லிமீட்டர். ஜாதவ்பூரில் 8பி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் நாங்கள் இருக்கும் தரைத்தள வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியது. நவராத்திரி தொடங்கிய நாள் அது. கொலுப் பொம்மைகளைப் படியில் அடுக்கிவிட்டு, காலியான டிரங்குப் பெட்டியில் குடும்ப ஆல்பங்களைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். பொம்மைகள் தப்பின. ஆல்பங்கள் நனைந்தன.

ஒட்டிக்கொண்ட படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, செய்தித்தாளில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர்த்தினோம். சில முகங்கள் பிளாஸ்டிக் தாளோடு போய்விட்டன. கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, “போனது போகட்டும்டா. மிச்சத்தையாவது பத்திரமா ஒரு இடத்துல வை. நானும் பாக்கற மாதிரி வை” என்றாள்.

பத்திரமாக இருக்க வேண்டும், அம்மாவும் பார்க்க வேண்டும். இந்த இரண்டோடு நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: நாளைக்கு அந்தச் சேவை பிடிக்கவில்லை என்றால், கொடுத்த படங்களைக் குறையில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டு வர முடிய வேண்டும். கூகுள் போட்டோஸ், ஐகிளவுட், ஃப்ளிக்கர், என்டே ஆகிய நான்கிலும் ஒரே 400 படங்களை ஏற்றி, இரண்டு மாதம் புழங்கிப் பார்த்தேன்.

ஏன் மூன்றாவது கேள்வி?

இணையத்தில் ஏற்றிவிட்டால் படம் நிரந்தரம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். நம்மில் பலருடைய கல்லூரி நாள் படங்கள் ஆர்குட்டில் இருந்தன. 2014 செப்டம்பர் 30 அன்று அது மூடப்பட்டது. பிகாசா 2016-இல் முடிந்தது. ஒரு காலத்தில் 1 டெராபைட் இடத்தை இலவசமாகத் தந்த ஃப்ளிக்கர், 2018-இல் ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, இலவசக் கணக்குக்கு ஆயிரம் படங்கள்தான் என்று வரம்பு வைத்தது. கூகுள் போட்டோஸில் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம் என்ற சலுகை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றது. விதிகள் மாறும், நிறுவனங்கள் கைமாறும். அதனால் நுழையும்போதே வெளியேறும் வழியையும் பார்த்துவிட வேண்டும்.

முதல் சோதனை: கொடுத்த தரத்தில் இருக்கிறதா?

சோதனைக்கு நான் முக்கியமாக எடுத்துக்கொண்டது 1974-இல் எடுத்த அப்பா அம்மாவின் கல்யாணப் படம். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 2400-க்கு 3600 புள்ளிகள். திரையில் பெரிதாக்கினால் வலது கீழ் மூலையில் ஸ்டுடியோக்காரர் அழுத்திய முத்திரையின் எழுத்துகளைப் படிக்கலாம். அம்மாவின் அட்டிகைக் கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். இதையே வாட்ஸாப்பில் சாதாரண முறையில் அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது. முத்திரை ஒரு கறையாகிவிடுகிறது. வாட்ஸாப் படத்தைக் காட்டுவதற்கான இடம், சேமிப்பதற்கான இடம் அல்ல. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் மட்டுமே கோப்பு மாறாமல் போகும்.

கூகுள் போட்டோஸில் ‘ஒரிஜினல்’ தரத்தைத் தேர்ந்தெடுத்தால் படம் கொடுத்தபடியே இருக்கிறது. ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்றால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை சுருக்கப்படும், மற்றவையும் அழுத்தப்படும். அமைப்புகளில் எது இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஐகிளவுட், என்டே இரண்டும் மூலத்தை அப்படியே வைக்கின்றன. ஆனால் ஐகிளவுடின் பழைய ‘ஷேர்டு ஆல்பம்’ வழியாகப் பகிர்ந்தால் நீளப் பக்கம் 2048 புள்ளிகளாகக் குறையும். பார்க்க அது போதும், பிரின்ட் போடப் போதாது. ஃப்ளிக்கரும் முழு அளவை வைத்துக்கொள்கிறது. பொதுமக்கள் பார்க்கப் படம் எடுப்பவர்களுக்கு இன்றும் அது நல்ல இடம். ஆனால் இலவசக் கணக்கில் பிறர் பார்க்காதபடி மறைத்து வைக்க 50 படங்களுக்குத்தான் அனுமதி. குடும்பப் படங்களுக்கு அது சரிப்படாது.

இரண்டாம் சோதனை: அம்மா தானாகத் திறக்கிறாளா?

அம்மாவிடம் இருப்பது எட்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன். கூகுள் போட்டோஸ் அதில் ஏற்கெனவே இருக்கிறது, தமிழ் முகப்போடு. ஆல்பத்தின் இணைப்பை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அம்மாவே கூப்பிட்டாள்: “மூணாவது படத்துல பந்தக்கால் பக்கத்துல நிக்கறது உங்க பெரியம்மா. அவ பேரைப் போட்டு வை.” எனக்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை. ஒரே எச்சரிக்கை, இணைப்பு யார் கைக்குப் போனாலும் ஆல்பம் திறக்கும். குழந்தைகள் படமுள்ள ஆல்பங்களில் இணைப்புப் பகிர்வை அணைத்துவிட்டு, ஆட்களைப் பெயர் சொல்லிச் சேர்ப்பது நல்லது.

ஐகிளவுடின் ‘ஷேர்டு லைப்ரரி’ ஆறு பேர் ஒரே களஞ்சியத்தில் படம் போட்டு எடுக்க விடுகிறது. மூலத் தரமும் குறையாது. வீட்டில் எல்லாரிடமும் ஐபோன் இருந்தால் இதைவிடச் சுலபமானது இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேரிடம்தான் அது இருக்கிறது.

என்டே நம் நாட்டில் பிறந்த முயற்சி. மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு ‘என்னுடைய’ என்று பொருள். படம் நம் போனிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகிறது, சாவி நிறுவனத்திடம் இல்லை. மென்பொருளின் மூல நிரல் திறந்தே இருக்கிறது. ஆல்பத்தை இணைப்பு வழியாகப் பகிரலாம், கடவுச்சொல் போடலாம், காலக்கெடு வைக்கலாம். இலவசமாக 10 ஜிபி கிடைக்கிறது. ஆனால் கடவுச்சொல்லும் 24 சொற்கள் கொண்ட மீட்புச் சாவியும் தொலைந்தால், படங்களை அவர்களாலும் மீட்டுத் தர முடியாது. அந்த 24 சொற்களைக் கையால் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.

மூன்றாம் சோதனை: வெளியே வரும் வழி

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான். ஸ்கேன் செய்த கல்யாணப் படத்தின் தேதி 2025 என்றே பதிவாகும். கூகுள் போட்டோஸில் அதை 1974 என்று திருத்தினேன். காலவரிசையில் அழகாகப் போய் உட்கார்ந்தது. பிறகு ‘டேக்அவுட்’ வழியாக எல்லாவற்றையும் இறக்கினேன். படக் கோப்புக்குள் பழைய தேதியே இருந்தது. நான் திருத்தியது பக்கத்தில் வந்த ஒரு சிறிய ஜேசன் கோப்பில் இருந்தது. இது பழுதல்ல, அந்தச் சேவை வேலை செய்யும் முறை. என்டேயும் ஃப்ளிக்கரும்கூடக் கூடுதல் விவரங்களை இப்படித் தனிக் கோப்பில்தான் தருகின்றன. விவரம் தொலைவதில்லை, ஆனால் படத்தோடு ஒட்டியிருப்பதில்லை. ஆப்பிளிடம் தனியுரிமைப் பக்கத்தில் விண்ணப்பித்தால் படங்களின் நகலைப் பெறலாம், நேராகக் கூகுள் போட்டோஸுக்கே மாற்றவும் செய்யலாம்.

அதனால் வேலை முறையை மாற்றிக்கொண்டேன். ஏற்றுவதற்கு முன்பே ‘டிஜிகேம்’ என்ற இலவச மென்பொருளில் தேதி, இடம், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறேன். எந்தச் சேவைக்குப் போனாலும் விவரம் படத்தோடேயே போகும்.

இதன் அருமையை உணர எனக்கு இரண்டு தெரு தாண்டினால் போதும். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பிரதிகள், ஆவணங்கள் துறை 2013-இல் ‘பிசித்ரா’ என்ற தாகூர் இணையக் களஞ்சியத்தை வெளியிட்டது. ஏறத்தாழ 47 ஆயிரம் கையெழுத்துப் பக்கங்கள், 91 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுப் பக்கங்கள். பக்கங்களைப் படம் பிடித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. எந்தப் பக்கம் எந்த நூலின் எந்தப் பாடம் என்று எழுத்து வடிவத்தோடு இணைத்துத் தந்தார்கள். அந்த இணைப்பு இல்லையென்றால் அது வெறும் பட மூட்டைதான். நம் வீட்டுப் படத்துக்கும் விதி அதுவே. பெரியம்மாவின் பெயர் தெரிந்தவர் அம்மா ஒருத்திதான்.

ஒரே இடத்தில் வைக்காதீர்கள்

எஸ்பிளனேடில் இருந்த போர்ன் அண்ட் ஷெப்பர்டு, உலகின் மிகப் பழைய ஸ்டுடியோக்களில் ஒன்று. 1991-இல் நடந்த தீ விபத்தில் அதன் படக் களஞ்சியத்தில் பெரும்பகுதி அழிந்தது. 2016-இல் கடையும் மூடப்பட்டது. எங்கள் டிரங்குப் பெட்டி செய்த தவறும் அதே தவறுதான்: இருந்தது ஒரு பிரதி, அதுவும் ஓரிடத்தில். படங்களை மூன்று பிரதியாக, இரண்டு வகை ஊடகத்தில், ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ வகுத்த விதி இன்றும் பொருந்தும். மேகச் சேமிப்பு அந்த மூன்றில் ஒன்று மட்டுமே. அதிலும் கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் இரண்டும் போனோடு ஒத்திசைபவை. போனில் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் ஐகிளவுடில் 30 நாளும் கூகுளில் 60 நாளும்தான் இருக்கும்.

செலவு

கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை ஜிமெயிலும் டிரைவும் ஆண்ட்ராய்டு வாட்ஸாப் பேக்கப்பும் சேர்ந்தே பங்குபோட்டுக்கொள்கின்றன. இதை எழுதும்போது 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய், ஆண்டுக்கு 1,300. குடும்பத்தில் மேலும் ஐந்து பேர் அந்த இடத்தைப் பகிரலாம். ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி, 50 ஜிபிக்கு மாதம் 75 ரூபாய், 200 ஜிபிக்கு 219. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கூகுள் கணக்கை நிறுவனம் நீக்கலாம். பெரியவர்களின் கணக்கை நாம் அவ்வப்போது திறக்க வேண்டும்.

என் முடிவு

வீட்டில் பல வகை போன்கள், ஊரில் வயதான பெற்றோர் என்றிருக்கும் குடும்பத்துக்குக் கூகுள் போட்டோஸ் 100 ஜிபி, ஒரிஜினல் தரத்தில். எல்லாரும் ஐபோன் என்றால் ஐகிளவுட் 200 ஜிபி. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாத படங்களுக்கு என்டே. ஊருக்குக் காட்டும் படங்களுக்கு ஃப்ளிக்கர். எதை எடுத்தாலும் கூடவே 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டிலும் ஒன்றை ஊரிலும் வையுங்கள். எங்களுடைய இரண்டாவது டிஸ்க் பொங்கலுக்குக் கும்பகோணம் போகிறது.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் இப்போது பயன்படுத்தும் சேவையிலிருந்து பத்தே பத்துப் படங்களை இறக்கி, அளவும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அந்தப் பத்தையும் வீட்டில் மூத்தவரிடம் காட்டி, யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.