உடன்படிக்கைக்கு உரைகல் எது?

சங்ககிரி மலைக்கோட்டையில் பெருமாள் கோயில் உண்டு, பள்ளிவாசல் உண்டு, ஆங்கிலேயர் எழுப்பிய கட்டடங்களும் உண்டு. நாமக்கல் பாறையின் உச்சியிலும் ஒரு கோட்டை நிற்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இவை அன்றாடக் காட்சிகள். ஆயினும், வல்லரசுகளின் வாக்குறுதிகள் ஒரு காலத்தில் இந்த மண்ணில்தான் சோதிக்கப்பட்டன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மைசூர்ப் போர்களுக்கு இரு வகை விளக்கங்கள் வழங்கி வருகின்றன. மைசூரில் கும்பினியின் பிரதிநிதியாகப் பணியாற்றிய மார்க் வில்க்ஸின் வரலாற்று நூல், திப்பு சுல்தானின் குணக்கேட்டையும் மதவெறியையும் வீழ்ச்சிக்குக் காரணமாக்குகிறது. மைசூர் அரசில் பணிபுரிந்த மீர் ஹுசைன் அலி கான் கிர்மானி பாரசீகத்தில் எழுதிய 'நிஷானே ஹைதரி'யோ அமைச்சர்களின் துரோகத்தைச் சுட்டுகிறது. நம் மேடைகளில் ஒலிப்பது இரண்டாவது விளக்கமே. மீர் சாதிக் என்ற ஒரு பெயரைச் சபித்துவிட்டு நாம் அமைதி அடைகிறோம். இரண்டு விளக்கங்களும் தனிமனிதரைப் பேசுகின்றனவேயன்றி, அரசுகளுக்கு இடையே நிலவிய ஒழுங்கைப் பேசவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

1768-இல் கும்பினிப் படை சேலத்தையும் நாமக்கல்லையும் கைப்பற்றியது. அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே ஹைதர் அலியின் படைகள் மீட்புப் போரில் இறங்கின. அடுத்த ஆண்டு ஹைதர் சென்னையின் வாயிலுக்கே சென்று உடன்படிக்கை பெற்றார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. 1770-71-இல் மராட்டியர் மைசூரின் மீது பாய்ந்தபோது ஹைதர் உதவி கோரினார், கும்பினி அசையவில்லை. பின்னாளில் அவர் கொண்ட தீராப் பகைக்கு இதுவே வித்து.

பிரெஞ்சுக்காரரின் நட்பும் இதைவிட உறுதியானதாக இல்லை. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சு இறங்கியதால் கும்பினி 1779-இல் மாஹேயைப் பிடித்தது. மைசூருக்குத் தளவாடங்கள் வந்த அத்துறைமுகம் ஹைதரின் பாதுகாப்பில் இருந்தது. எங்கோ மூண்ட போர் இங்கே தீ மூட்டியது. அங்கே அமைதி பிறந்ததும் இங்கே நட்பு முறிந்தது. 1783-இல் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி எட்டியவுடன், மங்களூர் முற்றுகையில் திப்புவுடன் நின்ற பிரெஞ்சு வீரர்கள் விலகிக்கொண்டனர்.

திப்பு 1786-இல் உஸ்மானியத் தலைநகருக்கும் அடுத்த ஆண்டு பிரான்சுக்கும் தூதர்களை அனுப்பினார். சுல்தான் அப்துல் ஹமீது ரஷ்யப் போரில் சிக்கியிருந்தார். பதினாறாம் லூயியின் அரசோ கடனில் மூழ்கியிருந்தது. தூதர்களுக்கு மரியாதை கிடைத்தது, படை கிடைக்கவில்லை.

இங்கே நடுநிலை தவறலாகாது. 1789 இறுதியில் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கியவர் திப்புவே. அந்நாடு கும்பினியின் நட்பு நாடு என்பதை அவர் அறிவார். தமக்கு எதிராக நிசாமும் மராட்டியரும் கும்பினியும் கைகோக்க அவரே வாய்ப்பளித்தார். 1792 உடன்படிக்கையில் பாதி நாடும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயும், பிணையாக இரு மைந்தரும் பறிபோயினர். ஓசூர்ப் பகுதி நீங்கலாக இன்றைய சேலம், நாமக்கல் வட்டாரமும் பாரமகாலும் கும்பினி வசமாயின. அலெக்சாந்தர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதிக்க வந்தது இதன் பின்னரே.

1798-இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கியதும், பிரெஞ்சு உறவைக் கைவிடுமாறு சுல்தான் மூன்றாம் சலீம் திப்புவுக்கு மடல் எழுதினார். அம்மடலைக் கொண்டு சேர்த்ததும் கும்பினியே! சலீமைத் தூற்றுவது எளிது. தம் நாட்டைத் தாக்கியவனின் நண்பருக்கு அவர் வேறு என்ன எழுதியிருக்க முடியும்? கிலாஃபத் என்ற பெயரைவிடப் பேரரசின் தேவையே வலியதாக இருந்தது என்பதுதான் பாடம். 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. வெற்றியில் பங்கு பெற்ற நிசாம், அப்போர்களில் அடைந்த நிலங்களை 1800-இல் கும்பினியிடமே ஒப்படைத்தார். பேஷ்வாவின் ஆட்சி 1818-இல் முடிந்தது.

ஆக, உடன்படிக்கைக்கு உரைகல் எது? கையொப்பமிடும் சபை அன்று. நலிந்தவனின் கூக்குரல் கேட்கும் நாளே. ஹுதைபிய்யா உடன்படிக்கையின்படி குஸாஆ கோத்திரத்தார் பெருமானார் (ஸல்) அவர்களின் பக்கம் சேர்ந்தனர். குறைஷியரின் துணையோடு பனூ பக்ர் கோத்திரத்தார் அவர்களைத் தாக்கியபோது முறையீடு மதீனாவை எட்டியது. அண்ணலார் அதைக் காற்றில் விடவில்லை. மக்காவை நோக்கிய பயணம் அதிலிருந்தே தொடங்கிற்று. மார்க்கச் சகோதரர்கள் உதவி கோரினாலும், நம்மோடு உடன்படிக்கை கொண்ட சமுதாயத்துக்கு எதிராக உதவலாகாது என்று அன்ஃபால் அத்தியாயம் வரம்பிடுகிறது. வாக்குறுதிக்குத் திருமறை தரும் எடை அத்தகையது.

இந்த உரைகல்லில் நம் காலத்தையும் தேய்த்துப் பார்ப்போம். 1994-இல் உக்ரைன் அணு ஆயுதங்களைக் கைவிட்டபோது, அதன் எல்லையை மதிப்பதாக ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் எழுதிக்கொடுத்தன. 2014-இலும் 2022-இலும் ரஷ்யாவே அந்த எல்லையை மிதித்தது. 2023 முதல் காசாவில் நிகழ்ந்த பேரழிவின்போது, போர்நிறுத்தத் தீர்மானங்கள் பலவற்றை அமெரிக்கா தன் ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது. காசாவுக்கு உதவிப் பொருள்கள் செல்ல வழிவிடுமாறு 2024 ஜனவரியில் சர்வதேச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரும் மக்கள் பட்டினியில் வாடினர். உக்ரைனுக்காகச் சட்டம் பேசிய அதே வாய்கள் காசாவில் மௌனித்தன.

இதை உரக்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் ஏமனிலும் சூடானிலும் முஸ்லிம்களே முஸ்லிம்களைக் கொன்றபோது நம் மேடைகள் எவ்வளவு பேசின? அநீதி இழைப்பவன் யார் என்று பார்த்துக் குரலை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்வோமாயின், நாம் கண்டிக்கும் வல்லரசுகளின் வழக்கத்தையே நாமும் பின்பற்றுகிறோம். மீர் சாதிக்கைச் சபிப்பது நமக்கு ஒன்றையும் கற்பிக்காது. வாக்கை அளக்கும் கோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அதை முதலில் நம் கையில் ஏந்துவோம்.