எலும்பை வாசிக்கும் விரல்கள்

பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய மலாயாப் பல்கலைக்கழகத்தைப் போன்ற கலாசாலைகளில், பட்டம் பெற்ற பின்னும் உடற்கூற்றியலை விடாது பயில்வோர் பழகும் வித்தைகளுள், கண்ணை மூடிக்கொண்டு ஓர் எலும்பை விரல்களாலேயே இனங்காணும் நிதானத்தை நான் விசேஷமாகப் போற்றுகிறேன். பார்வைக்கு வெறும் பழுப்பு வெண்மையாகத் தோன்றும் உலர்ந்த எலும்பு, ஸ்பரிசத்துக்கோ மூட்டு முகப்பில் வழவழப்பாகவும், தசைநார் பற்றியிருந்த மேட்டில் சொரசொரப்பாகவும், இரத்தநாளம் நுழைந்த சிறு துளையில் நகநுனியைச் சற்றே தடுத்து நிறுத்துவதாகவும் இருக்கிறது. முழங்கால் சில்லை, மூட்டு முகப்பு கீழே படியவும் கூர்முனை நமக்கு அப்பால் நோக்கவும் மேஜைமீது வைத்து விரலை எடுத்தால், 'டக்' என்ற மெல்லிய சப்தத்தோடு, அது எந்தக் காலுக்கு உரியதோ அந்தப் பக்கமாகவே சாய்கிறது. வெளிப்புற முகப்பு அகன்றிருப்பதே காரணம் என்று தெரிந்த பிறகும் அந்தச் சாய்வில் எனக்கு ஆனந்தம் குறைவதில்லை.

மணிக்கட்டின் 8 எலும்புகள் அத்தனை தாராளமானவை அல்ல. ஆற்றுக் கூழாங்கற்களைப் போல ஒன்றையொன்று ஒத்த அவற்றை, எது இடக்கை, எது வலக்கை என்று பிரித்தறிய மாதக்கணக்கான சிரத்தை வேண்டும். பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்குக் குகையொன்றில் 1991-இல் அகழ்ந்தெடுத்த, பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடைய மனிதனின் இடக்கை எலும்புகளில் பிறவிக் குறையைக் கண்டறிந்ததும், அக்குறையோடு அவன் நாற்பது வயதளவு வாழ்ந்தான் என்று கணித்ததும் இத்தகைய பொறுமையே.