திரைச்சீலையும் புகைபோக்கியும்

1854-ஆம் வருஷம் டிக்கன்ஸ் நடத்திவந்த 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' பத்திரிகையில் இரண்டு தொடர்கதைகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது அவரே எழுதிய 'ஹார்ட் டைம்ஸ்'. இரண்டாவது எலிஸபெத் காஸ்கெல் எழுதிய 'நார்த் அண்டு சௌத்'. இரண்டுக்கும் களம் வட இங்கிலாந்தின் பஞ்சாலை ஊர். டிக்கன்ஸைப் படித்தவர்கள் நம்மில் அநேகர்; காஸ்கெல் அம்மையாரைப் படித்தவர்கள் சொற்பம். ஆனால் ஆலைகள் நெருங்கி முளைத்த ஊர் எப்படி இயங்குகிறது என்று தெரிந்து எழுதியவர் அந்த அம்மையார்தான் என்பது என் அபிப்பிராயம்.

டிக்கன்ஸின் கோக்டவுனில் ஆறு சாயம் கலந்து ஊதா நிறத்தில் நாறிக்கொண்டு ஓடுகிறது. படித்தவர்களுக்கு மறக்காது. முதலாளிகளையும் அவர் சும்மா விடவில்லை. புகையைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று யாராவது ஜாடையாகச் சொன்னாலே குடிமுழுகிப் போயிற்று என்று புலம்புகிறவர்கள் அவர்கள். சிரிக்கிறோம், சிரித்ததோடு சரி. புகையைக் குறைக்க ஏன் ஒருவனும் முன்வருவதில்லை என்று அவர் கேட்கவில்லை. 1854 ஜனவரியில் பிரஸ்டன் நகரத்து வேலைநிறுத்தத்தைப் பார்க்கப் போய்த் திரும்பியவர் அவர். காஸ்கெலோ மான்செஸ்டரிலேயே குடித்தனம் செய்தவர்.

அவருடைய நாவலில் ஒரு தேநீர்க் காட்சி. ஆலை முதலாளி தார்ன்டன் விருந்தாளி. புகையைப் பற்றிப் பேச்சு வருகிறது. சட்டம் வருவதற்கு முன்பே என் புகைபோக்கிகளை மாற்றிவிட்டேன், நிலக்கரி மிச்சமாகிறது என்கிறான். அதோடு நிறுத்தியிருந்தால் அவன் வெறும் நல்லவன். சட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் செய்திருப்பேனோ என்னவோ என்றும் சொல்கிறான். ஐந்து வருஷமாக ஒரு புகைபோக்கியின்மேலும் புகார் போனதாகத் தெரியவில்லையாம். சில ஆலைகளோ எரிக்கும் கரியில் மூன்றில் ஒரு பங்கைப் புகையாகவே விடுகின்றனவாம். இப்படிப் பேசுகிறவன் அந்த ஊர் மாஜிஸ்திரேட்டுகளில் ஒருவன்! கதாநாயகி மார்கரெட்டின் தாயாருக்குச் சட்டம் தெரியாது. ஜன்னலில் போட்ட மஸ்லின் திரை இங்கே ஒரு வாரம்கூட வெளுப்பாக இருப்பதில்லை என்கிறாள், அவ்வளவுதான்.

இந்த ஒரு சம்பாஷணையில் விஷயம் முழுவதும் இருக்கிறது. ஒரே தொழில் ஒரே ஊரில் குவியும்போது அதன் சூட்சுமங்கள் காற்றில் கலந்துவிடுகின்றன, குழந்தைகள்கூடத் தங்களை அறியாமல் கற்றுக்கொள்கின்றன என்று 1890-இல் ஆல்பிரட் மார்ஷல் எழுதினார். வாஸ்தவம். ஆனால் அதே காற்றில்தான் புகையும் கலக்கிறது. நெருக்கம் தொழிலை வளர்க்கிறது. அதே நெருக்கத்தில் எது யார் வீட்டுப் புகை என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. புகார் சொல்ல வேண்டியவனும் அதே தெருவில்தான் பிழைக்கிறான்.

திருப்பூரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனிக்கு வேண்டிய பட்டன், அட்டைப்பெட்டி, மெஷின் பழுது பார்க்கிறவர் எல்லாம் அடுத்த தெருவில். சாயப்பட்டறையும் அப்படியே. பட்டறைகள் அக்கம்பக்கத்தில் இருந்ததால்தான் பலர் சேர்ந்து பணம் போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடிந்தது. ஆனாலும் நொய்யலில் சாயம் ஓடிற்று. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் அசைந்தது. நல்லவர்கள் அங்கே இல்லாமலா போனார்கள்? தார்ன்டன்கள் இருந்திருப்பார்கள். தன் பட்டறைத் தண்ணீரை மட்டும் ஒருவன் சுத்தம் செய்தால் செலவு அவனுடையது, ஆறு பழையபடிதான்.

காஸ்கெலிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. இவ்வளவு தெரிந்தவர், கதையின் பின்பாதியில் புகையை அடியோடு மறந்துவிடுகிறார். தார்ன்டன் நொடித்துப்போகிறான். சொத்து வந்த மார்கரெட், பாங்கியில் வெறும் இரண்டரை சதவிகித வட்டிக்குக் கிடக்கும் 18,057 பவுனைக் கடனாகத் தருகிறேன் என்கிறாள். பவுன் வரைக்கும் கணக்கு அவ்வளவு சுத்தம். காதல் கைகூடுகிறது. மஸ்லின் திரையைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.