ஆற்று மணலிலிருந்து பார்த்தால்

தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னாட்டைச் சுற்றி வரைந்தார்கள். 'ஓரியண்டல் சீனரி' என்று 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 படங்கள் வெளிவந்தன. செப்புத் தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து அச்சிட்டவை. காவிரியிலிருந்து பார்த்த திருச்சி மலைக்கோட்டையும் அதில் உண்டு.

அதன் நகலைப் பார்த்ததும் எனக்கு என் பாட்டி ஞாபகம்தான் வந்தது. திருமானூர்க்காரி. கொள்ளிட மணலில் நின்னபடியே கோபுரத்தைக் கும்பிட்டுத் திரும்பினவள். "இங்கேருந்து தெரியறது போதும், வாடா" என்பாள்.

டேனியல்கள் நின்ற இடம் அவர்களாகத் தேர்ந்துகொண்டது. 'பிக்சரஸ்க்' ரசனைக்குத் தூரம் வேணும். பாட்டி நின்ற இடத்தை ஊர் தேர்ந்தெடுத்தது. நம் விமர்சகர்கள் இப்படங்களில் காலனியப் பார்வையைக் கண்டுபிடித்துப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சரிதான், எழுதட்டும். வெள்ளைக்காரன் கப்பலேறுவதற்கு முன்பே எட்ட நிறுத்தப்பட்டவர்களின் கண் அந்தப் பக்கங்களில் எங்கே? மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மாட்கள் வெளிப்படையாக நுழைந்தது 1939இல். டேனியல்களின் கடைசிப் படம் வந்து 131 வருஷம் கழித்து. அதுவரை நமக்கும் கிடைத்தது வெளித்தோற்றம்தான், அச்சுக்கூலி இல்லாமல்!

இவ்வகைப் படங்கள் பலவற்றின் அடியில் குட்டி குட்டியாய் மனுசங்க இருப்பார்கள். கட்டடம் எவ்வளவு பெரிசு என்று காட்ட வைத்த அளவுகோல். பெயர் கிடையாது. மாணவர்களிடம் காட்டும்போது நான் கட்டடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பாருங்கள் என்கிறேன்.