மெல் அண்ட் கிம்: பட்டறைக்குள் அடங்காத இரு குரல்கள்

ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மன் மூவரையும் ஏளனம் செய்யாத இசை விமர்சகர் 1980களின் பிரிட்டனில் அபூர்வம். மெட்டையும் வரிகளையும் அவர்களே எழுதுவார்கள். டிரம் மெஷினையும் சிந்தசைசரையும் வைத்துப் பின்னணியை முடிப்பார்கள். பாட வருபவர் குரலைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆள் மாறினாலும் பாட்டு மாறாது என்ற குற்றச்சாட்டு பெருமளவு உண்மைதான். அது எடுபடாத ஓரிடம் மெல் அண்ட் கிம் என்ற அக்கா தங்கை ஜோடியின் பாடல்கள்.

லண்டனின் ஹாக்னி பகுதிக்காரர்கள். அப்பா ஜமைக்காக்காரர், அம்மா ஆங்கிலேயர். கிம் ஆப்பிள்பி 1961இல் பிறந்தவர். மெல் ஐந்து வயது இளையவர், மாடலாக இருந்தவர். சுப்ரீம் ரெக்கார்ட்ஸ் இருவரையும் இந்த மூவரிடம் அனுப்பியபோது சிகாகோவின் ஹவுஸ் இசை லண்டன் கிளப்புகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. 1986இல் வந்த 'ஷோயிங் அவுட்' அந்தத் தாளத்தைப் பிரிட்டிஷ் பாப் பாடலின் சட்டத்துக்குள் பொருத்தியது. பிரிட்டிஷ் பட்டியலில் 3ஆம் இடம், அமெரிக்க டான்ஸ் பட்டியலில் முதலிடம். சிகாகோவில் பிறந்த தாளத்தை லண்டனில் மெருகேற்றி அமெரிக்கர்களுக்கே விற்ற சாமர்த்தியத்தைப் பாராட்டலாம். கடனைச் சொல்லாமல் வாங்கிய குணத்தையும் கூடவே குறித்துக்கொள்ளலாம்.

1987இல் முதலிடம் பிடித்த 'ரெஸ்பெக்டபிள்' பாடலின் தொடக்கத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும். ஒரு சொல்லின் முதல் அசையை மட்டும் நறுக்கி, சாம்பிளரில் போட்டு, விசையைத் திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறார்கள். மனிதக் குரல் தாளக் கருவியாகிவிடுகிறது. எந்திரத்தனம் என்றால் இதைவிட வேறென்ன? ஆனாலும் அந்தத் துண்டில் திக்கலின் தயக்கம் இல்லை, சீண்டல்தான் இருக்கிறது. பின்னால் இருவரும் ஏறக்குறைய ஒரே சுரத்தில், பெரிய குரல் வித்தை எதுவும் காட்டாமல், தெருமுனையில் நின்று பதிலுக்குப் பதில் பேசுகிற தோரணையில் பாடுகிறார்கள். நாங்கள் மரியாதைப்பட்டவர்களாக மாறப் போவதில்லை என்பதுதான் பாட்டின் செய்தி. மெல்லின் பழைய கவர்ச்சிப் படங்களை மஞ்சள் பத்திரிகைகள் தோண்டியெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எழுதியவர்கள் மூன்று ஆண்கள் என்பது நினைவுக்கு வராத அளவுக்கு வரிகள் பாடியவர்களின் சொந்தப் பேச்சாகவே ஒலிக்கின்றன. அகல விளிம்புத் தொப்பியும் வளையக் காதணியுமாக ஒரே அசைவில் ஆடிய அந்த ஆட்டத்தையும் சேர்த்தால், பட்டறை இவர்களைச் செய்தது என்பதைவிட இவர்கள் பட்டறைக்கு முகம் கொடுத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

அதே முறையின் கோளாறு 'எஃப்.எல்.எம்.' ஆல்பத்தில் பல்லிளிக்கிறது. தலைப்பு சகோதரிகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட ஒரு கெட்ட வார்த்தைச் சுருக்கம். வெளியுலகுக்கு 'வேடிக்கை, காதல், பணம்' என்று வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். மரியாதை வேண்டாம் என்று பாடியவர்களுக்கே இந்தக் கதி! சிங்கிள்களைத் தள்ளிவிட்டுக் கேட்டால் மீதிப் பாட்டுகளில் பல இடம் நிரப்ப வந்தவை. யாருக்குக் கொடுத்திருந்தாலும் பாடியிருப்பார்கள். பேச்சின் குறும்பு விலகியதும் அந்த மெல்லிய குரல்களுக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது.

பிறகு நோய். முதுகுவலி என்றுதான் முதலில் வெளியே சொல்லப்பட்டது. உண்மையில் மெல்லுக்குப் புற்றுநோய். நான்காவது சிங்கிளுக்கு மருத்துவமனையிலிருந்து வந்து பாடிவிட்டுப் போனார். 1988 தொடக்கத்தில் அது 10ஆம் இடத்தைத் தொட்ட சமயத்தில், அதே பட்டறையிலிருந்து வந்த கைலி மினோக்கின் பாட்டு முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. ரிக் ஆஸ்ட்லி முந்தைய ஆண்டே வந்துவிட்டார். இதில் கொடுமை என்று யாரையும் குற்றம் சாட்ட முடியாது. ஒருவருக்காகக் காத்திருக்கும் ஏற்பாடு அந்த முறையில் கிடையாது, அவ்வளவுதான்.

1990 ஜனவரியில், 23 வயதில், மெல் இறந்தார். வெளியான நான்கு சிங்கிள்களும் முதல் பத்துக்குள் வந்தவை. இளவயது மரணம் விமர்சகர்களின் கையைக் கட்டிப்போடுவது வழக்கம். அந்த ஆல்பத்துக்குத் தகுதிக்கு மீறிய பாராட்டு கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு அருமையான பாடல்கள், இரண்டு நல்ல பாடல்கள் என்பதே நியாயமான கணக்கு. டான்ஸ் இசையில் அது சின்னக் கணக்கும் அல்ல.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் கிம் தனியாக வெளியிட்ட 'டோன்ட் வொரி' 2ஆம் இடம் வரை போனது. தொடர்ந்து வந்த ஆல்பத்தின் பல பாடல்களை மெல்லின் நோய்க்காலத்தில் சகோதரிகள் சேர்ந்து எழுதியிருந்தார்கள். ப்ராஸ் குழுவில் இருந்த கிரெய்க் லோகன் உடனிருந்து உதவினார். அந்தப் பாடல்களில் 'ரெஸ்பெக்டபிள்' அளவு துள்ளல் இல்லை, உண்மை. ஆனால் மெட்டுக் கட்டத் தெரிந்த இருவரை, சொல்லிக் கொடுத்ததைப் பாடும் குரல்களாக மட்டுமே அந்தப் பட்டறை வைத்திருந்தது என்பதற்கு அந்த ஆல்பம் போதும்.